அம்மம்மாவுக்கு எத்தனை வயது? குடிசன மதிப்பீடும் எங்கள் பிறந்த திகதிகளும்

கனடாவின் குடிசன மதிப்பீட்டுப் படிவத்தில் வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் பிறந்த திகதி, வயது என்ற இரண்டும் கேட்கப்படும். திகதி இருந்தால் வயதைத் திணைக்களமே கணித்துக்கொள்ளலாமே என்று தோன்றும். கணக்குப் புத்தகத்தில் ஒரே தொகையை இரண்டு பக்கத்திலும் பதிவது போன்றது இது. ஒன்றில் பிழை விட்டால் மற்றது காட்டிக்கொடுக்கும். மதிப்பீட்டு நாளன்று (2021இல் மே 11, 2026இல் மே 12) நிறைவான வயதையே எழுத வேண்டும். சரியான திகதி தெரியாவிட்டால், இயன்றளவு நெருங்கிய மதிப்பை எழுதும்படி படிவமே சொல்கிறது.

எங்கள் வீடுகளில் சிக்கல் தொடங்குவது இந்தக் கடைசி வசனத்தில்தான். வோபர்னில் மார்க்கம் வீதி, எல்ஸ்மியர் வீதிப் பக்கத்து அடுக்குமாடிகளில் அம்மம்மாவுக்காகப் படிவம் நிரப்புவது பெரும்பாலும் இங்கே படித்த பேரப்பிள்ளை. பிள்ளை சுகாதார அட்டையைப் பார்த்து எழுதும். அம்மம்மா வேறு கணக்குச் சொல்லுவார்.

முதல் வித்தியாசம் பேச்சு வழக்கில் இருக்கிறது. "எழுபத்தொன்று முடிஞ்சு எழுபத்திரண்டு நடக்குது" என்பது எங்கள் கணக்கு. படிவத்துக்கு வேண்டியது முடிந்த வயது, அதாவது 71. கைக்குழந்தைக்கும் இதே கதை. பிறந்து ஏழு மாதமான பிள்ளைக்கு "ஒரு வயது நடக்குது" என்போம். படிவத்தில் 0 என்று எழுத வேண்டும். பிரித்தானிய இந்தியாவின் 1931 மதிப்பீட்டில் கிட்டிய பிறந்தநாளுக்குரிய வயதைக் கேட்டுப் பார்த்தார்கள். பின்னர் நிறைவான வயதுக்கே திரும்பினார்கள். தென்கொரியாவில் பிறந்த அன்றே ஒரு வயது, ஒவ்வொரு புத்தாண்டுக்கும் இன்னொரு வயது என்று எண்ணும் வழக்கம் இருந்தது. அங்கே 2023 யூன் மாதத்தில்தான் சட்டத்தில் நிறைவான வயதை ஒரே முறையாக்கினார்கள்.

அடுத்தது, உருட்டிச் சொல்லும் பழக்கம். வயது தெரியாதவர் 43 என்று சொல்லமாட்டார். 40 அல்லது 45 என்பார். கணக்காய்வில் வவுச்சர்கள் எல்லாம் ஐந்நூறு, ஆயிரம் என்று முழுத்தொகையாக வந்தால் எங்களுக்குச் சந்தேகம் வரும். புள்ளிவிபரவியலாளருக்கும் அப்படித்தான். அவர்கள் பயன்படுத்தும் விப்பிள் சுட்டெண் மிக எளிமையானது. 23 முதல் 62 வரை நாற்பது வயதுகள். அவற்றில் 0 அல்லது 5இல் முடிபவை எட்டு, அதாவது ஐந்தில் ஒன்று. ஆகவே அந்த வயதினர் ஆயிரம் பேரில் ஏறக்குறைய 200 பேர் அந்த எட்டு வயதுகளில் இருக்க வேண்டும். 200 இருந்தால் சுட்டெண் 100. 300 பேர் இருந்தால் 150. எல்லோருமே அப்படிச் சொன்னால் 500. ஐக்கிய நாடுகளின் அளவுகோலில் 105க்குக் குறைந்தால் தரவு மிகத் திருத்தமானது, 175ஐத் தாண்டினால் மிக மோசமானது. கனடாவிலும் இது நடக்கக்கூடியதுதான். வீட்டில் அறை எடுத்து இருக்கும் தம்பியைக் கேட்காமல் "முப்பது இருக்கும்" என்று எழுதுகிறவர்கள் இல்லையா?

இலங்கையில் பிறப்புப் பதிவு பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே கட்டாயம். என்றாலும் பிந்திப் பதிந்தவர்களும் பதியாமலே விட்டவர்களும், முக்கியமாகத் தோட்டங்களில், ஏராளம். அப்படிப்பட்டவர்களுக்காகவே பதிவாளர் நாயகம் திணைக்களம் உத்தேச வயதுச் சான்றிதழ் வழங்குகிறது. பிறகு யுத்தம். வடக்கு கிழக்கு உட்பட நாடு முழுவதும் எண்ணப்பட்டது 1981இல். 1991இல் மதிப்பீடு நடக்கவில்லை. 2001இல் 25 மாவட்டங்களில் 18இல்தான் முழுமையாக முடிந்தது. மறுபடி முழு நாட்டையும் எண்ணியது 2012இல். 1981 பங்குனிக்குப் பிறகு யாழ்ப்பாணத்திலோ கிளிநொச்சியிலோ பிறந்து, 2012க்கு முன் வெளிக்கிட்டவர்களின் வயது சொந்த நாட்டின் முழுமையான மதிப்பீடு எதிலும் இல்லை. அவர்களில் பலருக்கு முதலாவது பதிவு கனடாவினுடையது. அதனால்தான் இந்தப் பெட்டியை ஏனோதானோவென்று நிரப்பக்கூடாது என்கிறேன்.

பலருக்குக் கடதாசி வயது ஒன்று, உண்மை வயது இன்னொன்று. பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் குறைத்தது, ஆவணம் தொலைந்தபின் நினைவில் எழுதியது, ஆண்டு மட்டும் தெரிந்ததால் ஜனவரி 1 என்று வந்தது. 65 வயதில் தொடங்கும் முதியோர் ஓய்வூதியம் கடதாசி வயதையே பார்க்கும். மூன்று வயது குறைத்துப் பதிந்தவர் உண்மையில் 68 வரை காத்திருக்கிறார். அது வேறு அலுவல். ஆதாரங்களோடு தனியாகப் பேச வேண்டியது.

குடிசன மதிப்பீட்டில் எதை எழுதுவது? உண்மையான திகதி தெரிந்தால் அதையே எழுத வேண்டும் என்பது என் கருத்து. கேட்கப்படுவது பிறந்த திகதி. அட்டையில் உள்ளதைக் கேட்கவில்லை. புள்ளிவிபரச் சட்டப்படி தனிநபரின் பதில் வரித் திணைக்களத்துக்கோ குடிவரவுக்கோ போகமுடியாது. தகவல் எதிர்த்திசையில்தான் வருகிறது: 2016இலிருந்து வருமான விபரத்தை வரிப் பதிவுகளிலிருந்து புள்ளிவிபரத் திணைக்களமே எடுக்கிறது. திகதி வேறுபட்டால் அந்தப் பொருத்துதல் சற்றுக் கடினமாகலாம், அவ்வளவுதான். தெரிந்தே பொய் எழுதுவதற்குத்தான் 500 டொலர் வரை தண்டம். 92 ஆண்டுகள் கழித்துப் படிவங்கள் பொதுப்பார்வைக்கு வரும். 1931இன் பதிவுகள் 2023இல் திறக்கப்பட்டன; 2021இனுடையவை 2113இல்.

உண்மைத் திகதியே தெரியாவிட்டால், எண்ணுபவர்கள் ஊரில் செய்வதை நாங்களும் செய்யலாம்: தெரிந்த நிகழ்வோடு பொருத்துவது. திருகோணமலையில் யப்பான் குண்டு போட்டபோது (1942 ஏப்ரல்) தவழ்ந்தாரா, நடந்தாரா? தனுஷ்கோடியை அழித்த புயலில் (1964 டிசம்பர்) எத்தனையாம் வகுப்பு? மட்டக்களப்புச் சூறாவளிக்கு (1978 நவம்பர்) மூத்த பிள்ளை பிறந்துவிட்டதா? சகோதரங்களை வரிசைப்படுத்தி இடைவெளியைக் கேட்டால் இன்னும் நெருங்கலாம்.

சாதகம் இருந்தால் அதுவே சிறந்த ஆதாரம். ஆனால் பெயர்ப்பதில் கவனம் வேண்டும். விஜய வருடம் 1953 ஏப்ரல் நடுவில் தொடங்கி 1954 ஏப்ரல் நடுவில் முடிந்தது. "விஜய வருடம் தை 5" என்று ஓலையில் இருந்தால் அது 1954 ஜனவரி 18 அளவில் வரும். விஜய என்றால் 1953 என்று எழுதினால் ஒரு வயது கூடிவிடும். இன்னொரு பொறி: ஊரில் ஜனவரியையே தை என்று சொல்வதும் எழுதுவதும் வழக்கம், சாதகத்தின் தையோ ஜனவரி நடுவில்தான் பிறக்கிறது. பிறப்புப் பத்திரத்தில் உள்ள தை 5ஐ ஜனவரி 5 என்றும், சாதகத்தில் உள்ளதை ஜனவரி 18 என்றும் கொள்ள வேண்டும்.