போர்வையும் பேரேடும்: ஊவாத் தோட்டக் கம்பளி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனைத் தமிழ் மரபு கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகப் போற்றும். மயில் அதனை உடுக்காது, போர்க்காது என்பதை அறிந்தே அவன் கொடுத்தான் என்றும், அக்கொடை மறுமைப் பயனை எண்ணியதன்று என்றும் பரணர் புறநானூற்றிற் பாடியுள்ளார். குளிர்ந்த மலை, நடுங்கும் உயிர், கணக்குப் பாராத நெஞ்சம் என்னும் மூன்றும் அங்கு ஒன்றுகூடின. பல நூற்றாண்டுகளின் பின் வேறொரு மலையில், தமிழ் மக்களின் தோள்மீது வேறொரு போர்வை விழுந்தது. அங்கும் மலை குளிர்ந்தது, உயிர் நடுங்கியது. ஆயின் நெஞ்சம் இருக்கவேண்டிய இடத்திற் பேரேடு இருந்தது.

19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஊவா மலைகளிற் கோப்பிச் செய்கை பரவியது. 1869 இல் இலங்கையில் முதன்முதலாக அறியப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. 1886 இல் ஊவா தனி மாகாணமாயிற்று. 1890 இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளையை அடுத்த தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார். புகையிரதப் பாதை 1893 இல் அப்புத்தளையையும், 1894 இல் பண்டாரவளையையும், எல்லவைக் கடந்து 1924 இற் பதுளையையும் அடைந்தது. கோப்பிக்குப் பருவகால உழைப்பே பெரிதும் வேண்டியிருந்தது. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் கைகள் வேண்டியிருந்தன. எனவே திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை முதலிய வெப்பச் சமவெளிகளிலிருந்து குடும்பங்கள் பெருமளவில் வந்து, லயங்களில் நிலையாகக் குடியேறின.

இம்மக்களுக்குக் கம்பளி இன்றியமையாததாயிற்று. ஒக்டோபர் முதல் ஊவாவை நனைக்கும் வடகீழ்ப் பருவமழையிற் கொழுந்து பறிக்கும் பெண் அதனைக் கொங்காணியாக மடித்துத் தலையிலிட்டாள். இரவில் அதுவே பாயும் போர்வையுமாயிற்று. இடையிற் படங்கு, முதுகிற் கூடை, தலையிற் கம்பளி என்பதே அவளது தோற்றம்.

ஆனால், தோட்டத்திற் கால்வைத்தவுடன் வழங்கப்பட்ட அக்கம்பளி பொதுவாக இனாமன்று. அதன் விலை தொழிலாளியின் கணக்கிற் பற்றெழுதப்பட்டது. வழிச்செலவு, கண்காணியின் முற்பணம், அரிசி ஆகியவற்றோடு கம்பளியும் கடனாயிற்று. கடனைத் தீர்த்தாலன்றி வேறு தோட்டம் செல்ல இயலாது. கடன்தொகையைக் குறித்து, அதனைச் செலுத்துவோரிடம் தொழிலாளரை விடுவதாகத் துரை எழுதிக் கொடுத்த சீட்டே ‘துண்டு’ எனப்பட்டது. தமிழில் துண்டு என்பது துணியையும் குறிக்கும். மானம் காக்கும் துண்டும் மனிதனைக் கட்டிவைக்கும் துண்டும் ஒரே சொல்லாய் நின்றமை மலையக வரலாற்றின் கசப்பான சிலேடை எனலாம்.

பிறநாடுகளிற் போர்வை பெற்ற பொருளை இதனோடு ஒப்புநோக்குதல் தகும். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது (1861–1865) பெண்கள் குழுவாகக் கூடி, துணித்துண்டுகளை இணைத்து ஒட்டுப்போர்வைகள் தைத்துக் காயமுற்ற வீரருக்கு அனுப்பினர். பின்னர், பெயர் ஒன்றுக்கு இவ்வளவு எனப் பணம் பெற்று, அப்பெயர்களைப் போர்வையில் தைத்து, அறப்பணிக்கு நிதி திரட்டும் வழக்கமும் பரவியது. 1987 ஒக்டோபரில், எயிட்ஸ் நோயால் மாண்டோரின் பெயர்கள் தாங்கிய 1,920 துணிப்பகுதிகள் வாஷிங்டனில் விரிக்கப்பட்டன. அங்கெல்லாம் போர்வை மனிதரின் பெயரை நினைவில் நிறுத்தியது. ஊவாக் கம்பளியிலோ எவர் பெயரும் இல்லை. அதனைப் போர்த்தவளின் பெயர் செக்ரோலிலும் கடன் கணக்கிலும் மட்டுமே இருந்தது.

இந்நிலை எவருடைய இரக்கத்தினாலும் மட்டும் மாறிவிடவில்லை. 1921 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டம் துண்டு முறையைத் தடைசெய்தது. 1927 இற் குறைந்தபட்ச வேதனச் சட்டம் வந்தது. கோ. நடேசய்யரும் மீனாட்சியம்மையும் தோட்ட மக்களிடையே உரிமையுணர்வை வளர்த்தனர். 1940 இற் பதுளையை அடுத்த வேவெஸ்ஸ தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து, தாம் தெரிந்தெடுத்த சபையைத் துரை ஏற்கும்படி செய்தனர். எனினும், கம்பளி போர்த்துக் கொழுந்து பறித்த பெண்ணுக்கு ஆணுக்கு நிகரான நாட்சம்பளம் 1984 இலேயே கிட்டியது.

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை, மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை விழுங்கியபோது நாடெங்குமிருந்து உதவிப் பொருட்கள் வந்து குவிந்தன. அவற்றை அனுப்பியோரின் நெஞ்சில் பேகனின் ஈரம் இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆயின் அபாயம் பற்றி முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்த அம்மலைச்சரிவில் அம்மக்கள் வாழ்ந்தமைக்குக் காரணம் போர்வையின்மை அன்று. பெயர்ந்து சென்று குடியிருக்கத் தமக்கென நிலமின்மையே.

குளிரில் நடுங்குபவருக்குப் போர்வை ஈதல் அறம்; அதனை இகழ்தல் ஆகாது. ஆனால் மயில் பேகனிடம் எதனையும் கேட்கவில்லை. மலையக மக்களோ ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கேட்டு வருகின்றனர். அவர்கள் கேட்பது கம்பளியன்று. காணியும் வீடும் ஆகும். அவற்றை வழங்குதல் கொடையாகாது. அது, பேரேட்டில் ஒருபோதும் எழுதப்படாத, இந்நாடு அவர்களுக்குச் செலுத்தவேண்டிய கடனாகும்.