தாய்மையும் பிராணவாயுவும்

பிராணவாயு இன்றி உயிர் வாழ்வு இல்லை என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். அதே பிராணவாயு உடலுக்கு ஊறு செய்வதும் உண்டு. அந்த ஊற்றை அளக்க விஞ்ஞானிகள் முயன்ற வரலாற்றையும், ஆரோக்கியமான கர்ப்பிணிகளை அளந்தபோது அவர்கள் கண்டதையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இரும்பு துருப்பிடிக்கிறது, நாட்பட்ட எண்ணெய் காறிப்போகிறது. இரண்டும் பிராணவாயுவின் வேலையே. நம் உயிரணுக்களுக்குள்ளும் இதையொத்த வினை ஓயாது நடைபெறுகிறது. அதில், இணையிழந்த எலெக்ட்ரானைக் கொண்ட மூலக்கூறுகள் தோன்றி, அண்டையிலுள்ள கொழுப்பையும் புரதத்தையும் தாக்குகின்றன. இவற்றை ஃப்ரீ ராடிக்கல் என்பர்.

இத்தகைய மூலக்கூறு ஒன்று தனித்து நிலவக்கூடும் என்று 1900ஆம் ஆண்டில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மோசஸ் கோம்பர்க் காட்டினார். பிராணவாயு மிகுதியால் விளையும் நச்சுத்தன்மைக்கு இவையே காரணம் என்று 1954இல் அர்ஜென்டினா நாட்டு அம்மையார் ரெபெக்கா கெர்ஷ்மன் கூறினார். இவற்றை அடக்கும் நொதி ஒன்று நம் உடலிலேயே இருப்பதை 1969இல் மெக்கார்டும் ஃபிரிடோவிச்சும் கண்டனர். தாக்குதல் காவலை விஞ்சும் நிலைக்கு ‘ஆக்ஸிஜனேற்ற அழுத்தம்’ என்னும் கருத்தை 1985இல் ஜெர்மானியரான ஹெல்முட் சீஸ் வகுத்துரைத்தார்.

ஆனால் கணத்தில் மறையும் ஒன்றை அளப்பது எங்ஙனம்? கள்வனைக் காணாவிடினும் காலடித் தடத்தைக் காணலாம் அன்றோ? ராடிக்கல் தாக்கிய கொழுப்பிலிருந்து உண்டாகும் ஐசோப்ராஸ்டேன் என்னும் பொருளை 1990இல் அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். அதை இரத்தத்திலும் சிறுநீரிலும் அளக்கலாம்.

கர்ப்பிணிகளை அளந்தபோது ஒரு வியப்பு காத்திருந்தது. நோயற்ற தாய்மாரிடத்தும் இத்தடங்கள் மிகுந்திருந்தன. எட்டாம் வாரத்தில் நஞ்சுக்கொடியில் பிராணவாயுவின் அழுத்தம் பாதரச அளவில் 20 மில்லிமீட்டருக்கும் குறைவு. பன்னிரண்டாம் வாரத்திலோ 50க்கும் மேல். இம்மாற்றத்தை 2000ஆம் ஆண்டில் லண்டன் ஆய்வாளர்கள் விளக்கினர். தாயின் இரத்த ஓட்டம் நஞ்சுக்கொடிக்குள் முழுமையாகத் திறக்கும் காலம் அது. அப்போது அழுத்தம் உயர, அதை எதிர்க்கும் நொதிகளும் உடன் உயர்கின்றன. ஆகவே இது நோயன்று. வளர்ச்சியின் ஒரு படி.

இவ்வேறுபாடு வெறும் ஏட்டுச் செய்தியன்று. இரத்தக் கொதிப்பை உண்டாக்கித் தாயையும் சேயையும் வாட்டும் பிரிஎக்லாம்ப்சியா என்னும் நோயில் இத்தடங்கள் மேலும் மிகுவதால், எதிர்மருந்தாக வைட்டமின் சி, ஈ இரண்டையும் கொடுத்துப் பார்த்தனர். 1999இல் ஆபத்து மிகுந்த 283 பேரிடம் நடந்த சோதனையில் நோய் 17 சதவீதத்திலிருந்து 8ஆகக் குறைந்தது. உலகம் மகிழ்ந்தது. எனினும் 2006இல் 2410 பேரிடம் செய்த சோதனையில் நோய் குறையவில்லை. எடை குறைந்த குழந்தைகளே கூடுதலாகப் பிறந்தன. 2010இல் அமெரிக்காவில் முதன்முறை கருவுற்ற ஏறத்தாழ 10,000 பேரிடமும் பயன் காணவில்லை. இந்நோயைத் தடுக்க இவ்வைட்டமின்களைக் கொடுக்க வேண்டுவதில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2011இல் அறிவித்தது.

மாணவர்களே! உயர்ந்த அளவெல்லாம் நோய் என்று கொண்டால், இயற்கை செய்யும் பணிக்கும் மருந்திடத் துணிவோம். நலமுற்ற தாயை வாரந்தோறும் பொறுமையுடன் அளந்தறிந்த பின்னரே நோயுற்ற தாயின் அளவுக்குப் பொருள் விளங்கும் என்பது என் துணிபு.