மெக்கின்டாஷ்

ரப்பர் பூசிய துணியில் தைத்த மழைக்கோட்டு. பிரிட்டனில் நாளடைவில் எல்லா மழைக்கோட்டுக்கும் பொதுப்பெயராகி, பேச்சில் 'மேக்' என்று சுருங்கியது. பெயர் கிளாஸ்கோ வேதியியலாளர் சார்லஸ் மெக்கின்டாஷுடையது (1766–1843). அவர் தம் பெயரை ஆங்கிலத்தில் 'கே' எழுத்தின்றி எழுதினார். அந்த எழுத்து கோட்டின் பெயரில் பிறகு ஒட்டிக்கொண்டது.

நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த நாப்தாவில் ரப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி ஒட்டும் முறைக்கு 1823இல் காப்புரிமை பெற்றார். கோட்டு வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது, நாறவும் செய்தது. கந்தகம் சேர்த்துச் சூடேற்றிப் பதப்படுத்தும் முறைக்கு அமெரிக்காவில் சார்லஸ் குட்இயரும் இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக்கும் 1844இல் காப்புரிமை பெற்ற பிறகே பிசுபிசுப்பும் விறைப்பும் தீர்ந்தன.

நூல்கள் பெரும்பாலும் இத்துடன் நின்றுவிடுகின்றன. ரப்பர் பால் எங்கிருந்து வந்தது என்பதையும் சொன்னால்தான் இந்த வரலாறு முழுமையாகும். முதலில் அது தென்னமெரிக்கக் காடுகளின் பால். 1876இல் பிரேசிலிலிருந்து ரப்பர் மர விதைகள் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போயின; 1877இல் 22 நாற்றுகள் சிங்கப்பூர் வந்தன. மலாயாவின் கெடா மாநிலம் 1909 ஒப்பந்தப்படி சயாமிடமிருந்து பிரிட்டிஷ் மேலாண்மைக்கு மாறியது. அதன்பின் கூலிம், லூனாஸ், சுங்கைப்பட்டாணி, பீடோங் வட்டாரங்களில் கித்தா (ரப்பர்) தோட்டங்கள் பெருகின; தமிழர்கள் குடும்பம் குடும்பமாக லயங்களில் (வரிசை வீடுகளில்) குடியேறினர். அப்போது ரப்பரில் பெரும்பங்கு டயருக்குப் போனது. கோட்டுக்குப் போனது சிறுபங்கே.

மழைக்கோட்டு அணிந்தாலும் மழையில் பால் வெட்ட முடியாது. பட்டை நனைந்திருந்தால் வெட்டுக்காயத்தில் ஊறும் பால் வெட்டின் தடத்தை விட்டு மரமெங்கும் வழிந்துவிடும், பால் பிடிக்கும் மங்கில் தண்ணீர்தான் நிறையும். விடியலில் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) வந்தவர்கள் மழை விடுமா என்று காத்திருப்பார்கள். வெட்டு இல்லையென்றால் அன்றைய கூலியும் போய்விடும். கெடாவில் செப்டம்பர், அக்டோபர் மாத மழை லயத்து அடுப்பைத் தொட்டது இப்படித்தான். பிற்காலத்தில் வெட்டுக்கு மேலே பிளாஸ்டிக் தாளைப் பாவாடைபோல் கட்டி மரத்தை மழையிலிருந்து காத்தனர்.

வெட்டுக்குப் போகும் பெண்கள் சேலைக்கோ கைலிக்கோ மேல் கணவரின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டார்கள், தலையில் துணி கட்டினார்கள். கொசுவுக்கும் பால் தெறிப்புக்கும் அதுதான் காப்பு. தெறித்த பால் காய்ந்து கறுத்து நூலோடு ஒட்டிவிடும். எவ்வளவு துவைத்தாலும் போகாது. தோட்டத் தொழிலாளியின் வேலை உடுப்பென்று அருங்காட்சியகத்தில் வைக்கத் தகுந்தது அந்தச் சட்டைதான்.

இன்று கெடாவின் பல தோட்டங்களில் செம்பனை நிற்கிறது. சுங்கைப்பட்டாணிச் சாலையில் மோட்டார்சைக்கிளோட்டிகள் அணியும் மழைக்கோட்டு பெரும்பாலும் பிளாஸ்டிக், நைலான் வகையைச் சேர்ந்தது.