சுரண்டலும் பூச்சும்: பழைய பந்தயக் கார்களின் தோலை முன்வைத்து

பழைய பந்தயக் கார் ஒன்றுக்குப் புதுப் பெயிண்ட் அடிப்பதா, இருக்கிறபடியே விட்டுவிடுவதா? பணக்காரக் கேள்விதான். நமக்கென்ன வந்தது என்று நண்பர்கள் முகம் சுளிக்கலாம். கார் வைத்திருக்கிறவன் கவலை அது, கார் துடைக்கிறவன் கவலை அல்ல என்றும் சொல்லலாம். நான் அப்படி நினைக்கவில்லை. எது அசல், எந்தக் கணத்தின் அசல், அதை முடிவுசெய்கிற அதிகாரம் யார் கையில் என்பவையெல்லாம் இந்தக் கேள்விக்குள் ஒளிந்துகொண்டிருக்கின்றன. ஏடு பார்த்துப் பதிப்பித்தவர்களுக்கு இது பழகிய தொல்லைதான். மூலபாடத்தைத் தேடிப் போகிறவன் கையில் கிடைப்பதெல்லாம் எவனோ ஒருவன் பெயர்த்தெழுதிய பிரதி. அவன் செய்த 'பிழை'யும் வரலாறுதான். காரும் ஒரு பிரதி. அதன் மேல்தோலில் எழுதியவர்கள் பலர்.

ஒரு காரிலிருந்து தொடங்குகிறேன். 1925ல் செய்யப்பட்ட புகாட்டி டைப் 22, 'பிரெஷியா' ரகம். 1936 வாக்கில் இது சுவிட்சர்லாந்தின் அஸ்கோனா ஊருக்குப் பக்கத்தில் மஜோரே ஏரிக்குள் இறக்கப்பட்டது. இறக்குமதி வரி கட்டப்படவில்லை. கட்டவேண்டிய வரி காரின் மதிப்பையே மிஞ்சிவிட்டது. அப்படியானால் பொருளை அழித்துவிட வேண்டும் என்பது விதி. சுங்கத்துக்காரர்கள் சங்கிலியில் கட்டித் தண்ணீருக்குள் விட்டார்கள், வேண்டும்போது மேலே இழுத்துக்கொள்ளலாம் என்கிற நினைப்பில், என்பது ஊர்க்கதை. சங்கிலி துருப்பிடித்து அறுந்தது. கார் ஐம்பது மீட்டருக்கும் கீழே போய்ச் சேற்றில் படுத்துக்கொண்டது. 1967ல் முக்குளிப்பவர் ஒருவர் கண்டுபிடித்தார். அப்புறம் நாற்பது வருஷம் அந்த ஊர் முக்குளிப்பவர்களுக்கு அது குலதெய்வம் மாதிரி. போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள், தொடமாட்டார்கள். 2009 ஜூலை 12ந் தேதி வெளியே தூக்கினார்கள். தூக்கியதற்குக் காரணம் கார் மேலுள்ள ஆசை அல்ல. முந்திய வருஷம் லொகார்னோவில் ஓர் இளைஞனை அடித்தே கொன்றிருந்தார்கள். அவன் பெயரில், இளைஞர்களிடையே பரவும் வன்முறைக்கு எதிராக ஓர் அறக்கட்டளை தொடங்கியிருந்தது. அதற்குப் பணம் வேண்டும். 2010 ஜனவரியில் பாரிஸ் ஏலத்தில் அந்த இரும்புச் சவம் 2,60,500 யூரோவுக்குப் போனது. வாங்கியவர் கலிஃபோர்னியாவின் பீட்டர் மல்லின். பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, ஓட்டிக் காட்டியிருக்கலாம். பணத்துக்குப் பஞ்சமில்லாத ஆள். செய்யவில்லை. ஆக்ஸ்நார்டில் இருந்த தன் அருங்காட்சியகத்தில் துருவும் ஓட்டையுமாக அப்படியே நிறுத்திவைத்தார்.

அடித்திருந்தால் என்ன நிறம் அடித்திருப்பார்கள்? நீலம். புகாட்டி என்றால் நீலம் என்பது பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும். யாருடைய நீலம் அது? 1900ல் தொடங்கிய கார்டன் பென்னெட் கோப்பை தனிமனிதர்களின் பந்தயம் அல்ல, தேசங்களின் பந்தயம். அதையொட்டித்தான் காருக்குத் தேச நிறம் என்ற வழக்கம் வந்தது. பிரான்சுக்கு நீலம், ஜெர்மனிக்கு வெள்ளை, பெல்ஜியத்துக்கு மஞ்சள். இங்கிலாந்தின் பச்சைக்கு ஒரு கதை உண்டு. 1903ல் பந்தயத்தை இங்கிலாந்தின் பொதுச்சாலைகளில் நடத்த முடியவில்லை. தனிச்சட்டம் போட்டு அயர்லாந்துக்குக் கொண்டுபோனார்கள். அயர்லாந்துக்கு மரியாதையாகப் பச்சை பூசினார்களாம். முந்திய வருஷம் ஜெயித்த நேப்பியர் காரே பச்சைதான் என்று மறுப்பவர்களும் உண்டு. எப்படியோ, ஆளப்பட்ட நாட்டின் நிறத்தை எடுத்து ஆண்ட நாடு தன் கௌரவமாக மாட்டிக்கொண்ட கதையை ரசித்து ரசித்துச் சொல்கிறார்களே, அதைக் கவனியுங்கள். புகாட்டி விஷயம் இன்னும் வேடிக்கை. எத்தோர் புகாட்டி மிலானில் பிறந்த இத்தாலியன். அவன் 1909ல் பட்டறை போட்ட மோல்சைம் அப்போது ஜெர்மனியில் இருந்தது. முதல் உலகப்போருக்குப் பின் அல்சாஸ் பிரான்சின் கைக்கு மாறியது, கார் நீலமானது. 'பிரெஷியா' என்ற பெயரோ 1921ல் ஓர் இத்தாலிய ஊரில் ஜெயித்ததால் ஒட்டிக்கொண்டது. அந்த நீலத்துக்குக் கீழே சுரண்டிப் பார்த்தால் இரும்பு மட்டுமல்ல, ஓர் எல்லைக்கோடும் தெரியும்.

சுரண்டல் என்ற சொல்லை நாம் ஒரே அர்த்தத்தில் புழங்கிப் புழங்கி அதன் கைவேலை அர்த்தத்தையே மறந்துபோனோம். கார் வரலாற்றில் மிகப் புகழ்பெற்ற சுரண்டல் ஒன்று 1934 ஜூனில் நடந்ததாகச் சொல்லப்படுகிறது. அந்த வருஷம் வந்த விதிப்படி பந்தயக் கார் 750 கிலோவைத் தாண்டக் கூடாது. நூர்பர்க்ரிங்கில் பந்தயத்துக்கு முதல்நாள் மெர்சிடிஸ் கார் ஒரு கிலோ கூடிப்போனது. ராத்திரியோடு ராத்திரியாக வெள்ளைப் பெயிண்டைச் சுரண்டி எடுத்தார்கள், அலுமினியம் பளிச்சிட்டது, 'வெள்ளி அம்புகள்' பிறந்தன. அணியின் நிர்வாகி ஆல்ஃபிரட் நொய்பாவர் 1958ல் தன் நினைவுக் குறிப்பில் எழுதியதிலிருந்து இந்தக் கதை உலகம் சுற்றியது. அந்தப் பந்தயத்துக்கு எடைக்கட்டுப்பாடே பொருந்தாது என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். 1932லேயே பெர்லின் ஆவுஸ் பந்தயத்தில் வெள்ளிநிற மெர்சிடிஸ் ஓடியிருக்கிறது. கதை பொய் என்பதில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. அது எதை மறைக்கிறது என்பதில்தான். 1933ல் பதவிக்கு வந்த ஹிட்லர் அரசு மெர்சிடிஸுக்கும் ஆட்டோ யூனியனுக்கும் அரசாங்கப் பணத்தைக் கொட்டியது. அந்த வெள்ளிக்குப் பின்னால் இருந்தது அந்தப் பணம். தொழிலாளிகள் விடிய விடியச் சுரண்டினார்கள் என்கிற உழைப்பின் தொன்மம், அதன்மேல் அடிக்கப்பட்ட ஒரு நல்ல கோட்டிங்.

சுரண்டுவதற்கு எதிரான குரலும் பழசுதான். மீட்டெடுத்தல் என்பதே ஒரு பொய் என்கிற அளவுக்கு ஜான் ரஸ்கின் 1849ல் போனார். பிரான்சில் வியோலே-லெ-டுக் நேர் எதிர்ப்பக்கம்: கட்டிடத்தை, எந்தக் காலத்திலும் இருந்திராத ஒரு முழுமைக்குக் கொண்டுபோவதுதான் மீட்டெடுப்பு என்று கூச்சமில்லாமல் எழுதினார், கார்க்காசோன் கோட்டையில் செய்தும் காட்டினார். மாதா கோவில்களின் சுவரைச் சுரண்டிப் புதுசாக்கும் வேலையை எதிர்த்து வில்லியம் மாரிஸ் 1877ல் ஒரு சங்கம் தொடங்கினார். அதற்கு வழங்கிய செல்லப்பெயர் 'சுரண்டல் எதிர்ப்பு'. சோஷலிஸ்டான மாரிஸ் தமிழனாக இருந்திருந்தால் இந்தச் சிலேடையை விட்டிருக்கமாட்டார். 1964ன் வெனிஸ் சாசனம் கட்டிடங்களுக்குச் சொன்னதை, சர்வதேசப் பழங்கார்ச் சம்மேளனத்தின் டூரின் சாசனம் 2013ல்தான் கார்களுக்குச் சொன்னது. முடிந்தவரை காப்பாற்று, குறைவாகத் தலையிடு, செய்ததைப் பதிவுசெய். கார், கட்டிடம் அளவுக்கு மரியாதை பெற அரை நூற்றாண்டு ஆயிருக்கிறது.

இனி முலூஸ். இந்தக் கட்டுரையே அதற்காகத்தான் என்று சொன்னாலும் தப்பில்லை.

ஹான்ஸ், ஃப்ரிட்ஸ் ஷ்லும்ஃப் என்ற அண்ணன் தம்பிகள் அல்சாஸில் கம்பளி நூல் மில் முதலாளிகள். ஃப்ரிட்ஸுக்குப் புகாட்டிப் பைத்தியம். 1960களில் கண்ட கண்ட இடத்திலெல்லாம் வாங்கிக் குவித்தார். 1964ல் அமெரிக்கச் சேகரிப்பாளர் ஒருவரிடமிருந்து ஒரே மூச்சில் 30 புகாட்டிகள் ரயிலேறி வந்தன. முலூஸில் இருந்த பழைய மில் கட்டிடத்துக்குள் ரகசியமாக ஒரு பட்டறை. மெக்கானிக், டிங்கர், பெயிண்டர், தோல் வேலைக்காரர் என்று ஆட்கள். உள்ளே நடப்பதை வெளியே மூச்சுவிடக் கூடாது. பாரிஸின் மூன்றாம் அலெக்சாண்டர் பாலத்து விளக்குகளைப் போலவே வார்த்த நூற்றுக்கணக்கான விளக்குக் கம்பங்களுக்கு நடுவில் நானூறுக்கும் மேற்பட்ட கார்கள். வெளியே மில்கள் நொடித்துக்கொண்டிருந்தன. 1976ல் தொழிலாளர்கள் முதலாளி வீட்டை முற்றுகையிட்டார்கள். அண்ணன் தம்பிகள் எல்லை தாண்டி சுவிட்சர்லாந்துக்குப் போய்விட்டார்கள். 1977 மார்ச் 7ந் தேதி தொழிற்சங்கத்தார் அந்த மில் கட்டிடத்துக்குள் புகுந்தார்கள். கூலி பாக்கி வைத்தவனின் காசு எங்கே போயிருக்கிறது என்பது கண்ணெதிரே வரிசை வரிசையாகப் பளபளத்தது.

அவர்கள் அதை உடைக்கவில்லை. 'தொழிலாளர் அருங்காட்சியகம்' என்று பெயர் வைத்து, ஏறத்தாழ இரண்டு வருஷம் தங்கள் பிடியில் வைத்து, மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். இலட்சக்கணக்கானோர் வந்து பார்த்தார்கள். ஒரே ஒரு ஆஸ்டின் செவன் காரைக் கோபத்தில் எரித்தார்கள் என்றொரு செய்தி உண்டு. அதுவும் புதுப்பிக்கப்படாத காராம். செய்தி நிஜமானால் அந்தத் தேர்வு யோசிக்க வைக்கிறது. தாங்களோ தங்கள் மாதிரி ஆட்களோ உழைத்து மெருகேற்றியவற்றை விட்டுவிட்டு, உழைப்பு படாத ஒன்றைத் தீக்குக் கொடுத்திருக்கிறார்கள். 1978ல் பிரெஞ்சு அரசு மொத்தச் சேகரிப்பையும் வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. 1981ல் 4 கோடியே 40 லட்சம் ஃப்ராங்குக்குக் கைமாறி, 1982ல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. தொழிலாளர் வைத்த பெயர் பலகையோடு போனது. 'தேசியம்' வந்து உட்கார்ந்துகொண்டது.

அங்கே நிற்கும் ஒரு புகாட்டிக்குப் பெயிண்ட் அடிப்பதா வேண்டாமா? மீட்டெடுப்பு நிபுணர் சொல்வார்: மேலே இருப்பது ஷ்லும்ஃப் பட்டறைப் பூச்சு, அசல் அல்ல, எடுத்துவிட்டு 1920களின் நிறத்தைத் தேடு. ஓரத்தில் நாணய அளவுக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மரத்தின் வளையங்கள் மாதிரி ஒவ்வொரு பூச்சும் வட்டம் வட்டமாகத் தெரியும். எதில் நிறுத்துவது? என் கட்சி இது: 1960களின் பூச்சில் நிறுத்து. அந்தப் பூச்சு எத்தோர் புகாட்டியின் மேதைமை பற்றி எதுவும் பேசாது. மில் தொழிலாளியின் உபரி உழைப்பு எப்படிப் பளபளப்பாக மாறியது என்பதை அதைவிடத் தெளிவாகப் பேசுகிற ஆவணம் வேறில்லை. இதைச் சுரண்டி எடுப்பது இரண்டாவது சுரண்டல். மோல்சைமிலேயே 1936ல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து ஆலையைப் பிடித்துக்கொண்டதும், எத்தோர் மனம் நொந்து பாரிஸுக்குப் போய்விட்டதும் இங்கே சேர்த்து யோசிக்க வேண்டியவை. மேதையின் கைவண்ணம் என்று ரசிகர்கள் உருகுகிற இடத்தில் எப்போதும் வேறு கைகள்தான் இருந்திருக்கின்றன.

ஆனால் 'தொடாதே, அப்படியே விடு' என்பதும் ஒன்றும் புனிதமான நிலைப்பாடு அல்ல. சந்தை அதையும் விழுங்கிவிட்டது. 2015 பிப்ரவரியில் பாரிஸில் பாய்யோன் குடும்பத்துக் கார்கள் 59 ஏலத்துக்கு வந்தன. பல பத்தாண்டுகளாகக் கொட்டகையில் மட்கிக் கிடந்தவை. அதிலிருந்த ஃபெராரி 250 ஜிடி கலிஃபோர்னியா ஸ்பைடர், ஒருகாலத்தில் நடிகர் அலென் டெலோனிடம் இருந்தது, ஒரு கோடியே அறுபது லட்சம் யூரோவுக்கும் மேல் போனது. மேலே படிந்த தூசியைத் துடைக்காமல் கொண்டுவந்து காட்டினார்கள். துடைத்திருந்தால் விலை குறைந்திருக்குமாம்! தூசிக்கு விலை. காலம் தானே செய்த வேலைக்கும் ஓர் உடைமையாளன் முளைத்துவிட்டான். ஷ்லும்ஃப் சேகரிப்பில் பொதுமக்கள் பார்வைக்கு வராமல் தனியே கிடந்த, புதுப்பிக்கப்படாத கார்கள் 62. நீண்ட வழக்குகளுக்குப் பின் அவை குடும்பத்துக்குத் திரும்பின. 2008ல் அவற்றில் பல புகாட்டிகளை வாங்கியவர் அதே பீட்டர் மல்லின்தான். அவரும் அவற்றைத் துருவோடுதான் காட்சிக்கு வைத்தார். 2023ல் அவர் இறந்தார், 2024ல் அருங்காட்சியகம் மூடப்பட்டது. முலூஸில் தொழிலாளர்கள் சிலகாலமாவது பொதுவாக்கிய ஒன்று, ஆக்ஸ்நார்டில் ஒருவரின் ஆயுளோடு கட்டப்பட்டிருந்தது.

இவ்வளவு பேச்சிலும் பெயிண்ட் அடிப்பவனின் உடம்பு வரவேயில்லை பாருங்கள். பாதுகாப்புச் சாசனங்களிலும் நான் அவனைப் பார்க்கவில்லை. 1920களின் தொடக்கம்வரை கார்ப் பூச்சு காய வாரக்கணக்கில் ஆகும். அதை மணிக்கணக்காகச் சுருக்கிய 'ட்யூக்கோ' பூச்சை 1923-24ல் சந்தைக்குக் கொண்டுவந்தது டூபாண்ட். அது வெடிமருந்துக் கம்பெனி. பூச்சின் அடிப்படையான நைட்ரோசெல்லுலோஸும் புகையில்லா வெடிமருந்தின் சரக்குதான். பழைய பூச்சுகளில் ஈயம் உண்டு. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறவன் அந்தத் தூளைத்தான் மூச்சோடு இழுக்கிறான். பின்னால் வந்த இருகூட்டுப் பூச்சு கண்ணாடி மாதிரி ஜொலிக்கும். அதைக் கெட்டிப்படுத்துவது ஐசோசயனேட். ஸ்ப்ரே கன் பிடிப்பவர்களுக்குத் தொழில்வழி ஆஸ்துமா வருவதற்கு முக்கியக் காரணம் அது. போபாலில் 1984ல் கசிந்தது இதே குடும்பத்தின் வேறொரு பொருள். மோட்டார் பட்டறைகளில் மூக்கில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நிற்கிற பையன்களை நாம் பார்த்திருக்கிறோம். 'அசல் மினுக்கம்' என்று ரசிகன் கேட்கும்போது யாருடைய நுரையீரலைக் கேட்கிறான் என்பதையும் கணக்கில் எடுத்தால், அடிக்காமல் விடுவதற்கு ரஸ்கின் தேவையில்லை.

அதற்காக எந்தக் காருக்கும் பெயிண்டே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. தகட்டைத் துரு தின்றுகொண்டிருந்தால் தடுக்கத்தான் வேண்டும். அந்த இடத்துக்கு மட்டும் பூச வேண்டும், பூசியது தெரியும்படி பூச வேண்டும். டூரின் சாசனம் கேட்கிற பதிவேட்டில் தேதி, சரக்கு, செய்முறை எல்லாம் ஏறும். அதே பக்கத்தில் பெயிண்டரின் பெயருக்கும், அவர் வாங்கிய கூலிக்கும் இரண்டு கட்டம் கூடுதலாகப் போட எவ்வளவு இடம் பிடிக்கும்?