மாதவரம் ஹைரோடு சர்ச்சும் 55 டெசிபலும்

சாமி விஷயத்தில் கோர்ட்டுக்குப் போவது காஞ்சிபுரத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. சின்ன காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் பிரபந்தம் சேவிக்கும் உரிமை யாருக்கு என்று வடகலையாரும் தென்கலையாரும் 200 வருடங்களுக்கும் மேலாக வழக்காடியிருக்கிறார்கள். கும்பினி காலத்தில் ஆரம்பித்த சண்டை அது. அதில் கேள்வி, யார் சொல்வது என்பதுதான்.

எவ்வளவு சத்தமாகச் சொல்வது என்ற கேள்வியும் ஒரு முறை சுப்ரீம் கோர்ட் வரை போயிருக்கிறது. அது போனது கோயிலிலிருந்து இல்லை, ஒரு பெந்தெகொஸ்தே சர்ச்சிலிருந்து. அந்த சர்ச் இருந்த மாதவரம் ஹைரோட்டை இன்று எல்லோரும் சென்னை என்றுதான் சொல்வார்கள். 2011ல் மாதவரம் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. ஆனால் புகார் எழுந்த 1996ல் அது செங்கை எம்.ஜி.ஆர் மாவட்டம். அந்த மாவட்டத்தின் தலைநகர் காஞ்சிபுரம். 1997 ஜூலையில்தான் அது காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டாகப் பிரிந்தது.

வழக்கின் பெயர் கொஞ்சம் நீளம்: சர்ச் ஆஃப் காட் (ஃபுல் காஸ்பல்) இன் இந்தியா எதிர் கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி வெல்ஃபேர் அசோசியேஷன். தீர்ப்பு வந்த நாள் 2000 ஆகஸ்ட் 30. சட்டக் கல்லூரி மாணவர்களுக்கு இது தெரிந்திருக்கும். மற்றவர்களுக்கு கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

கே.கே.ஆர். நகரில் ஒரு ஜெப மண்டபம். உள்ளே டிரம் செட், ட்ரிபிள் காங்கோ, கிடார், லவுட் ஸ்பீக்கர். பெந்தெகொஸ்தே ஆராதனையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே இசை என்பது ஜெபம் முடிந்த பிறகு வரும் பாட்டுக் கச்சேரி இல்லை. கைதட்டலும் தாளமும் சேர்ந்ததுதான் ஜெபமே. பைபிளில் 150ஆம் சங்கீதம் எக்காளம், தம்புரு, கைத்தாளம் என்று வாத்தியங்களை வரிசையாகச் சொல்லி அவற்றால் கடவுளைத் துதிக்கச் சொல்கிறது. அதை அப்படியே கடைப்பிடிப்பவர்கள் இவர்கள்.

பக்கத்தில் ஒரு குடியிருப்பு. 1996 மே 15ஆம் தேதி காலனி சங்கத்தார் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாடு வாரியத்துக்கு எழுதினார்கள். ஸ்பீக்கரும் டிரம்ஸும் சேர்ந்து அன்றாட வாழ்க்கையே கெட்டுப் போகிறது என்பது புகார். வாரியம் எட்டே நாளில், மே 23 அன்று, செங்கை எம்.ஜி.ஆர் (கிழக்கு) மாவட்ட போலீஸ் சூப்பிரண்டுக்குக் கடிதம் போட்டது. ஜூன் 12 அன்று இன்னொரு கடிதம், கூடவே அந்த இடத்தில் சத்தத்தை அளந்த அறிக்கை. (அரசு அலுவலகம் ஒன்று எட்டு நாளில் பதில் போட்டிருக்கிறது என்பதே ஒரு செய்திதான்!) அதற்குப் பிறகு வேகம் போய்விட்டது. மாவட்டமே இரண்டாகப் பிரிந்து முடிந்த பிறகு, 1998ல், "அந்தக் கடிதத்தின் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லுங்கள்" என்று காலனிக்காரர்கள் சென்னை ஹைகோர்ட்டுக்குப் போனார்கள்.

சர்ச் தரப்பு இரண்டு விஷயம் சொன்னது. ஒன்று, சிறுபான்மையினரின் வழிபாட்டைத் தடுக்கும் உள்நோக்கத்தோடு போடப்பட்ட வழக்கு இது. இரண்டு, சத்தம் எங்களுடையது மட்டும் இல்லை, வாசலில் ஓடும் வண்டிகளுடையதும்தான்.

இரண்டாவதை சும்மா வாதத்துக்காகச் சொன்னது என்று தள்ள முடியாது. வாரியம் எடுத்த அளவீடே அதை ஓரளவு ஒப்புக்கொண்டது. சத்தத்துக்கு சர்ச் மட்டும் காரணம் இல்லை, ரோட்டில் போகும் வாகனங்களும் சேர்ந்துதான் அந்த அளவு வந்தது என்று தெரிந்தது.

இங்கே கொஞ்சம் இயற்பியல். டெசிபல் என்பது சாதாரணக் கூட்டல் கணக்கில் வராது. ரோடு 70 டெசிபல், மண்டபம் 70 டெசிபல் என்றால் இரண்டும் சேர்ந்து 140 ஆகாது, 73தான் ஆகும். 10 டெசிபல் கூடினால் ஒலியின் சக்தி பத்து மடங்கு. ஆக, ஏற்கனவே இரைச்சலான ஹைரோட்டில் மீட்டரை நீட்டினால் அது ஒரு எண்ணைக் காட்டும். அதில் டிரம்ஸ் எவ்வளவு, லாரி எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நேரத்திலும், ஆராதனை இல்லாத நேரத்திலும் அளந்து கழித்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஹைகோர்ட் 1999 ஏப்ரலில் தீர்ப்பு சொன்னது. உள்நோக்கம் எதுவும் இல்லை, மதத்தைப் பின்பற்றுவதை யாரும் தடுக்கவில்லை, ஆனால் சத்தம் அளவுக்கு மேல் போனால் குறைக்க வேண்டும் என்றது. குறைக்கும் வேலையை போலீஸ் சூப்பிரண்டிடம் கொடுத்தது. அதில் இரண்டு பாகம் உண்டு. அதிக சத்தம் போடும் வண்டிகள் மேல் நடவடிக்கை எடுப்பது ஒன்று, சர்ச்சின் ஸ்பீக்கரைக் குறைத்து வைக்கச் செய்வது இன்னொன்று. பின்னாளில் இந்த வழக்கைப் பேசுபவர்கள் எல்லோரும் ஸ்பீக்கரை ஞாபகம் வைத்துக்கொண்டார்கள். வண்டியை மறந்துவிட்டார்கள்.

சர்ச் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. அரசியல் சட்டத்தின் 25, 26ஆம் பிரிவுகள் தரும் மத உரிமையை இப்படிக் கட்டுப்படுத்த முடியாது என்பது வாதம். ஆனால் 25ஆம் பிரிவு ஆரம்பிப்பதே பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு என்றுதான். நீதிபதிகள் எம்.பி. ஷாவும் எஸ்.என். புகனும் அப்பீலைத் தள்ளுபடி செய்தார்கள். முதியவர்கள், நோயாளிகள், குழந்தைகள், பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்கள் ஆகியோரின் அமைதியும் உரிமைதான் என்றார்கள். (ஏப்ரல் மாதத்தில் பக்கத்துத் தெருவில் மைக் செட் கட்டினால் என்ன ஆகும் என்று செமஸ்டர் எழுதுபவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.) மற்றவர்களின் அமைதியைக் கெடுத்து ஜெபிக்க வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை, ஒலிபெருக்கி வைத்தோ மேளம் அடித்தோ ஜெபிக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை என்றார்கள்.

பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வருவது இந்தக் கடைசி வாக்கியம்தான். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தீர்ப்பில் பலவீனமான இடமும் அதுதான். ஒரு மதத்தில் எது அவசியம், எது அவசியம் இல்லை என்பதை அந்த மதத்தின் கோட்பாடுகளை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று 1954லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. ஷிரூர் மடம் வழக்கு அது. சென்னை மாகாணத்தின் 1951ஆம் வருட இந்து அறநிலையச் சட்டத்தை எதிர்த்து வந்தது. 150ஆம் சங்கீதத்தைக் கையில் வைத்திருக்கும் சபையிடம், மேளம் உங்கள் மதத்தில் கிடையாது என்று சொல்வது பொருந்தாது. அப்படிச் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. மேளம் அவசியமே என்று வைத்துக்கொண்டாலும் பக்கத்து வீட்டுக்காரரின் தூக்கத்துக்கு ஒரு எல்லை உண்டு, அந்த எல்லை இத்தனை டெசிபல் என்று சொன்னாலே போதும்.

அந்த எண் அப்போது கைவசம் இருந்தது. 2000 பிப்ரவரியில் மத்திய அரசு ஒலி மாசு விதிகளைக் கொண்டு வந்திருந்தது. சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு அதையும் எடுத்துக் காட்டுகிறது. இந்த விதிகள் ஊரை மண்டலங்களாகப் பிரிக்கின்றன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. கடைவீதியில் 65, 55. தொழிற்பேட்டையில் 75, 70. அமைதி மண்டலத்தில் 50, 40. பகல் என்றால் காலை 6 முதல் இரவு 10 வரை. இதில் எங்கேயும் கோயில், மசூதி, சர்ச் என்ற பேச்சு இல்லை. கல்யாண மண்டபமும் கட்சிக் கூட்டமும் ஜெபக் கூட்டமும் ஒரே மீட்டரில் அளக்கப்பட வேண்டும்.

தமிழ்நாட்டில் வழிபாட்டு இடங்களை ஒழுங்குபடுத்த இன்னொரு வழியும் இருந்தது. 1997ஆம் வருடத்து ஊராட்சிக் கட்டிட விதிகளின்படி, பொது வழிபாட்டுக்கான கட்டிடம் கட்ட மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். பொது அமைதிக்கு ஆபத்து வரும் என்று அவர் கருதினால் மறுக்கலாம். வீட்டில் ஜெபக் கூட்டம் நடத்தும் போதகர்கள் தாசில்தார் ஆபீசுக்கும் ஹைகோர்ட்டுக்கும் அலைந்த பல வழக்குகள் இப்படிப்பட்ட விதிகளிலிருந்து கிளம்பியவை. 1982ல் மண்டைக்காடு கலவரத்தைப் பார்த்த மாநிலம் இது. அதனால் ஆட்சியர்கள் யோசிப்பதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் இங்கே எண் கிடையாது. "கருதினால்" என்ற சொல்தான் எல்லாமே. எதிர்ப்பவர்கள் எவ்வளவு பெரிய கலாட்டா செய்வார்கள் என்ற பயம் கூடக் கூட, அனுமதி கிடைக்கும் வாய்ப்பு குறையும். சபை என்ன செய்தது என்பதை விட, சபையைப் பிடிக்காதவர்கள் என்ன செய்வார்கள் என்பது முக்கியமாகிவிடுகிறது. மாதவரம் சர்ச்சுக்கு அந்த நிலை வரவில்லை. இழுத்து மூடச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. வால்யூமைக் குறை என்பதோடு முடிந்தது. தோற்ற வழக்குதான், ஆனாலும் அந்த மண்டபத்தில் ஜெபிக்கும் உரிமை அப்படியே இருந்தது.

அமெரிக்காவில் இதே சமயத்தில் காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. மாதவரம் தீர்ப்பு வந்து மூன்று வாரத்துக்குச் சற்று மேல், 2000 செப்டம்பர் 22ல், ஜனாதிபதி கிளின்டன் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று நகராட்சிகள் போடும் 'ஜோனிங்' விதிகள் ஒரு மத அமைப்புக்குப் பெரும் சுமையானால், அதற்கு மிக வலுவான காரணம் இருப்பதை நகராட்சிதான் நிரூபிக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். சயின்டாலஜி சர்ச் அட்லாண்டா பக்கத்தில் சாண்டி ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் ஒரு ஆபீஸ் கட்டிடத்தை வாங்கி, அதன் அடித்தள பார்க்கிங்கையும் வழிபாட்டு வேலைக்கு மாற்றக் கேட்டது. வண்டி நிறுத்த இடம் போதாது என்று 2009ல் நகர சபை அந்த விரிவாக்கத்தை மறுத்தது. சர்ச் இந்தச் சட்டத்தைக் காட்டித்தான் வழக்குப் போட்டது. கடைசியில் சமரசம் ஆனது. சயின்டாலஜி மாதிரி சர்ச்சைக்குரிய அமைப்பாக இருந்தாலும், கோர்ட்டில் பேச்சு எத்தனை சதுர அடி, எத்தனை கார் என்று எண்களில் போனது.

காஞ்சிபுரத்துக்கு இந்த மண்டலக் கணக்கு எப்படிப் பொருந்தும் என்பது தனி வேடிக்கை. நகர அமைப்பு நிபுணர் பேட்ரிக் கெடஸ் 1915 வாக்கில் சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்தபோது காஞ்சிபுரத்தின் அமைப்பைப் பாராட்டினார். தேர் ஓடும் அகலமான வீதி, கோயில், குளம், வீடு எல்லாம் ஒன்றோடு ஒன்று இணைந்த ஊர். 1920ல் சென்னை நகர அமைப்புச் சட்டம் வந்தது. வீடு ஒரு பக்கம், தொழில் ஒரு பக்கம் என்று பிரிப்பது அதற்குப் பிறகு மெல்ல வழக்கமானது. பிள்ளையார்பாளையத்தில் அது எப்படி முடியும்? நெசவாளர் வீட்டுக்குள்ளேயே குழித்தறி இருக்கிறது. அது குடியிருப்பா, தொழிற்கூடமா? 55ஆ, 75ஆ? ஆடி மாதம் தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது குழாய் ஸ்பீக்கர் விடிகாலையிலேயே ஆரம்பித்துவிடும். விதிப்படி காலை 6 மணிக்கு முன்னால் அது கூடாது. இரவு 10 முதல் காலை 6 வரையிலான தடையை 2005 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் இன்னும் அழுத்தமாகச் சொன்னது. மாநில அரசு விழாக்களுக்கு வருடத்தில் 15 நாட்களுக்கு மேல் போகாமல் தளர்த்தலாம், அதுவும் நள்ளிரவு வரைதான். விடிகாலைக்குத் தளர்வு கிடையாது.

இன்னொன்றும் உண்டு. அமைதி மண்டலம் என்பது ஆஸ்பத்திரி, பள்ளி, கோர்ட் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர். பிறகு வந்த திருத்தத்தில் அந்தப் பட்டியலில் வழிபாட்டு இடங்களும் சேர்ந்தன. அதாவது கோயிலைச் சுற்றியும் பகலில் 50 டெசிபல், மேளம் உட்பட. அதிகாரி முறைப்படி அறிவித்தால்தான் அது அமைதி மண்டலம் ஆகும் என்பதால் காஞ்சிபுரம் பிழைத்தது. வரைபடத்தை எடுத்து ஒவ்வொரு கோயிலையும் சுற்றி 100 மீட்டருக்கு வட்டம் போட்டுப் பாருங்கள், பழைய ஊரில் பாக்கி எவ்வளவு இருக்கும் என்று.