கல்யாண டிவிடியும் காணாமல் போன பர்ன் பட்டனும்

போன மாசம் எங்க வீட்டு பீரோவைச் சுத்தம் பண்ணும்போது ஒரு டிவிடி கிடைச்சது. என் சித்தியோட கல்யாணம், 2006. எங்க தாத்தா பேசுற வீடியோன்னு குடும்பத்துக்கிட்ட இருக்கிறது அந்த ஒண்ணுதான். பந்தியில நின்னுக்கிட்டு, "அந்தக் கடைசி இலைக்கு சாம்பார் வரலைப்பா"ன்னு பரிமாறுறவங்களை விரட்டிக்கிட்டு இருப்பார்.

என் லேப்டாப்ல டிஸ்க் போடுற இடமே கிடையாது. ரிச்சி தெருவுக்குப் போய் யூஎஸ்பி டிவிடி டிரைவ் ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். தாலி கட்டுற வரைக்கும் நல்லா ஓடிச்சு. பந்தி ஆரம்பிக்கிற இடத்துல நின்னுடுச்சு.

அந்த டிஸ்க்கோட மல்லுக்கட்டும்போது வந்த கேள்விதான் இந்த எபிசோட். டிவிடி எப்படி ஒழிஞ்சது? "இன்டர்நெட் வந்துச்சு, டிவிடி போச்சு"ன்னு ஈஸியா சொல்லிடுவோம். அது பாதிக் கதை. மீதிக் கதை எடிட்டிங் சாஃப்ட்வேரோட வரலாற்றுல இருக்கு.

முதல்ல கொஞ்சம் பின்னாடி போவோம். கம்ப்யூட்டர்ல எடிட் பண்ற அவிட் 1989-ல் வந்தது. அடோபி பிரீமியர் 1991, ஆப்பிளின் ஃபைனல் கட் ப்ரோ 1999. இதுல ஒரு சுவாரசியம்: பிரீமியரின் ஆரம்ப வடிவங்களை எழுதிய ராண்டி உபிலோஸ்தான் ஃபைனல் கட்டுக்கும் அடித்தளம் போட்டவர். இந்தப் பெயரை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவார்.

டிவிடி 1996 நவம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. ஆனால் சின்ன ஸ்டுடியோக்காரர் தானே ஒரு டிவிடி தயாரிப்பதெல்லாம் அப்போது நடக்காத காரியம். 2001 ஜனவரியில் ஆப்பிள், டிவிடி எழுதும் 'சூப்பர்டிரைவ்' வைத்த பவர் மேக் ஜி4-ஐ அறிமுகம் செய்தது. கூடவே வீட்டு ஆட்களுக்கு ஐடிவிடி, அதே வருடம் தொழில்முறை ஆட்களுக்கு டிவிடி ஸ்டுடியோ ப்ரோ. 2003-ல் அடோபி தன் பங்குக்கு என்கோரைக் கொண்டுவந்தது. மெனு, சாப்டர், பின்னணி இசை எல்லாம் வச்சு ஒரு முழு டிஸ்க்கை எடிட்டரே செய்து முடிக்கலாம்.

நம்ம ஊர் கல்யாண ஸ்டுடியோக்களில் கொடி நாட்டியது எடியஸ். ஜப்பானில் கோபே நகரத்து கனோபஸ் நிறுவனம் உருவாக்கியது, பின்னால் கிராஸ் வேலி கைக்குப் போனது. சாதாரண விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஓடும். வேற வேற ஃபார்மட் கிளிப்புகளை ஒரே டைம்லைனில் போட்டாலும் ரெண்டருக்குக் காத்திருக்காமல் பார்க்கலாம். முகூர்த்த சீசனில் வரிசையா கல்யாணம் முடிக்க வேண்டியவருக்கு வேற என்ன வேணும்?

அந்தக் காலத்து எடிட்டர்கள் சாஃப்ட்வேரை எப்படி ஒப்பிட்டாங்கன்னு பாருங்க. எது வேகமா ரெண்டர் ஆகும், எது கிராஷ் ஆகாது, எது விலை கம்மி. டிஸ்க்ல எழுத முடியுமா என்பது பெரிய சண்டையாகவே இல்லை. ஏன்னா எதுல எடிட் பண்ணினாலும் கடைசி நிறுத்தம் டிஸ்க்தான்.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. மினி டிவி டேப்பில் எடுத்த வீடியோ ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜி.பி. மூணு மணி நேரக் கல்யாணம்னா 39 ஜி.பி. ஒரு அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜி.பி. அதாவது எட்டில் ஒரு பங்காகச் சுருக்கணும். டிவிடி அனுமதிக்கும் உச்சம் நொடிக்குச் சுமார் 10 மெகாபிட். மூணு மணி நேரத்தையும் ஒரே டிஸ்க்கில் திணித்தால் கிடைப்பது சுமார் 3.5 தான். நாதஸ்வரக் கச்சேரியை வெட்டுறதா, படத்தோட தரத்தைக் குறைக்கிறதா, ரெண்டாவது டிஸ்க் போடுறதா? அந்த முடிவை எடுத்தது எடிட்டர். முடிவெடுத்து எழுதிட்டா அவ்வளவுதான், மாத்த முடியாது. வேலை முடிஞ்சது, மீதிப் பணத்தை வாங்கிக்கலாம்.

இப்போ 2011-க்கு வருவோம். ஜூன் மாதம் ஆப்பிள் ஃபைனல் கட் ப்ரோ எக்ஸை 299 டாலருக்கு வெளியிட்டது. ஏப்ரலில் அதை மேடையில் செய்து காட்டியவர், அதே ராண்டி உபிலோஸ். எடிட்டர்கள் கொதிச்சுப் போயிட்டாங்க. பழைய ஃபைனல் கட் 7 புராஜெக்ட்டைத் திறக்க முடியாது. மல்டிகேம் இல்லை, அது 2012 ஜனவரியில்தான் வந்தது. திரும்பக் கேட்டுக் கையெழுத்து இயக்கமே நடந்தது.

அந்தக் கூச்சலுக்கு நடுவில் சத்தமில்லாமல் நடந்தது இன்னொன்று. டிவிடி ஸ்டுடியோ ப்ரோவை ஆப்பிள் நிறுத்திவிட்டது. ரெடிமேட் மெனுவோடு டிஸ்க் எழுதும் ஒரு சின்ன வசதி மட்டும் மிச்சம்.

பலர் அடோபி பக்கம் தாவினார்கள். அடோபியும் பாதி விலை என்று கூப்பிட்டது. அங்கே என்கோரும் இருந்தது. ஆனால் 2013-ல் அடோபி கிரியேட்டிவ் கிளவுடுக்கு மாறியபோது பிரீமியருக்குப் புது வடிவம் வந்தது, என்கோருக்கு வரவில்லை. சி.எஸ்.6-தான் கடைசி. இந்தப் பக்கம் 2012-ல் வந்த ரெட்டினா மேக்புக் ப்ரோவிலும் மெல்லிய ஐமேக்கிலும் டிஸ்க் டிரைவே கிடையாது.

காரணம் இல்லாமல் இல்லை. கேமராக்கள் ஹெச்.டி.க்குப் போயிடுச்சு. பிஏஎல் டிவிடியில் கிடைப்பது 720க்கு 576. அடுத்து வர வேண்டிய புளூ-ரேயின் லைசென்ஸ் சிக்கல் பற்றி ஸ்டீவ் ஜாப்ஸ் 2008-லேயே மேடையில் அலுத்துக்கொண்டார். ஆப்பிளிடம் ஐடியூன்ஸ் கடை இருந்தது. நெட்ஃபிளிக்ஸ் 2007-ல் ஸ்ட்ரீமிங் தொடங்கிவிட்டது.

ஆனால் தேதிகளைப் பாருங்க. இந்தியாவில் மொபைல் டேட்டா விலையைத் தரைமட்டமாக்கிய ஜியோ வந்தது 2016 செப்டம்பரில். என்கோர் நின்றது அதற்கு மூணு வருஷம் முன்னாடி. மாப்பிள்ளை வீட்டுக்கு ரெண்டு டிவிடி, பொண்ணு வீட்டுக்கு ரெண்டு என்று கேட்ட குடும்பங்கள் இங்கே இருக்கும்போதே, அதைச் செய்யும் கருவிகளை எங்கேயோ உட்கார்ந்து நிறுத்திட்டாங்க. சாஃப்ட்வேர் எழுதுற ஆளா எனக்கு இது உறுத்துது. ஒரு ஃபீச்சரைத் தூக்கும்போது நாங்க டேஷ்போர்டில் எண்ணிக்கையைப் பார்ப்போம். அந்த எண்ணிக்கைக்குள்ள யார் வீட்டு பீரோ இருக்குன்னு பார்க்க மாட்டோம்.

இதுக்காக டிவிடிக்கு ஒப்பாரி வைக்க வரலை. லிங்க் அனுப்பினா அன்னைக்கே அம்பது சொந்தக்காரங்க பார்க்கலாம், அதுவும் 4கே-யில். டிஸ்க்கும் அப்படி ஒண்ணும் சாஸ்வதம் இல்லை. கடையில் வாங்கும் சினிமா டிவிடி அச்சில் அழுத்திச் செய்தது. ஸ்டுடியோவில் எழுதும் டிவிடி-ஆர், சாயப் பூச்சில் லேசர் போடும் தடம். வெயிலும் ஈரமும் அந்தச் சாயத்தைக் கொஞ்சம் கொஞ்சமா தின்னும். நம்ம ஊர்ல ரெண்டுக்கும் பஞ்சமா?

மாறினது பொறுப்பு. டிஸ்க் கைக்கு வந்தப்போ பத்திரப்படுத்துறது நம்ம வேலைன்னு தெரிஞ்சது, அதான் பீரோவில் வச்சோம். லிங்க் வந்தப்போ யாரோ பார்த்துக்குவாங்கன்னு விட்டுட்டோம். ஆனா அது ஸ்டுடியோக்காரரோட கணக்குல இருக்கு. அவர் இடம் பத்தலைன்னு அழிச்சா போச்சு. சித்தி கல்யாணத்து டேப்பைக் கேட்டு அந்த ஸ்டுடியோவுக்குப் போன் பண்ணினேன். அதெல்லாம் அடுத்தடுத்த கல்யாணத்துக்குப் போயிடுச்சு தம்பின்னார். அவர் மேல தப்பில்லை. மூலப் பிரதி எங்க வீட்லதான் இருந்தது, எங்களுக்குத்தான் தெரியலை.

கடைசியில டிடிரெஸ்க்யூன்னு ஒரு இலவச டூல் கைகொடுத்தது. படிக்க முடிஞ்சதை முதல்ல எடுத்துட்டு, முடியாத இடங்களுக்குத் திரும்பத் திரும்பப் போய்த் தட்டிப் பார்க்கும். ரெண்டு ராத்திரி ஓடவிட்டேன். பந்தி வந்தது. தாத்தா முகத்துல பாதி நேரம் கட்டம் கட்டமா உடையுது. குரல் மட்டும் சுத்தமா இருக்கு. சித்திக்கு அனுப்பினேன். அரை மணி நேரம் பதிலே இல்லை. அப்புறம் போன் பண்ணி, "அந்தக் கடைசி இலையில உட்கார்ந்திருந்தது நீதான்டா"ன்னாங்க.

2025 பிப்ரவரியில் சோனி, எழுதக்கூடிய புளூ-ரே டிஸ்க் தயாரிப்பையும் நிறுத்திடுச்சு. டிரைவ் இன்னும் கடையில் கிடைக்குது. இந்த வாரக் கடைசியில வீட்டு பீரோவைத் திறங்க. டிஸ்க் ஓடுதான்னு பார்க்கிறதோட நிறுத்தாம காப்பி எடுங்க. ரெண்டு காப்பி, ரெண்டு வேற இடத்துல. லிங்க்கா வந்த கல்யாணம் இருந்தா அதையும் இன்னைக்கே டவுன்லோட் பண்ணிடுங்க.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.