நான்கு தோட்டங்களின் வீதி

நகரங்களின் வரலாறு பெரும்பாலும் கோட்டைகளின் வரலாறாகவும் அரண்மனைகளின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. பாரசீகத்து இஸ்பஹானின் வரலாற்றையோ ஒரு வாய்க்காலைப் பின்தொடர்ந்தே சொல்லிவிடலாம். அவ்வாய்க்கால் ஓடிய பெருவீதியின் பெயர் சார்பாக். ஐதராபாத்துச் சார்மினாரிலுள்ள 'சார்', பெங்களூர் லால்பாக்கிலுள்ள 'பாக்' ஆகிய இரு பாரசீகச் சொற்களும் இணைந்த பெயர் இது. நான்கு தோட்டம் என்பது பொருள்.

சபவி மரபின் முதலாம் ஷா அப்பாஸ், 1598ஆம் ஆண்டை ஒட்டித் தம் தலைநகரைக் கஸ்வினிலிருந்து இஸ்பஹானுக்கு மாற்றினார். பழைய நகருக்கும் ஜாயந்தே ரூத் ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலத்தில் எழுந்த புதிய நகருக்கு, இலையின் நடுநரம்புபோல் அமைந்தது இவ்வீதி. வடக்கே நகர வாயிலில் தொடங்கி ஆற்றை அடைந்து, தளபதி அல்லாவர்தி கான் எழுப்பிய 33 வளைவுகள் கொண்ட பாலத்தைக் கடந்து, தென்கரையில் அரசரின் ஹெசார் ஜரீப் தோட்டம்வரை அது நீண்டது. வீதியின் நடுவே கல் பாவிய வாய்க்கால், இடையிடையே தடாகங்கள், இருமருங்கும் சினார் மரங்கள், அவற்றுக்கு அப்பால் தோட்டங்கள். 1617இல் இந்நகரை அடைந்த இத்தாலியப் பயணி பியத்ரோ தெல்லா வாலே, தம் நாட்டின் புகழ்பெற்ற வீதிகளுக்கும் மேலாக இதனைப் போற்றினார்.

இவ்வழகனைத்தும் ஆற்றுநீரின் கொடை. ஆற்றிலிருந்து பிரிந்த 'மாதி' என்னும் கால்வாய்களே நகரின் தோட்டங்களை வளர்த்தன. ஆற்றின் நீர் போதாது என்பதை அரசரும் அறிந்திருந்தார். கூரங் மலையைப் பிளந்து காரூன் ஆற்றின் தலைநீரை இப்பக்கம் திருப்ப அவர் முயன்றார், அம்முயற்சி கைகூடவில்லை. மலையைக் குடைந்து நீர் கொணர்தல் 1950களில்தான் நிறைவேறியது.

1722இல் ஆப்கானியர் மாதக்கணக்கில் நகரை முற்றுகையிட்டனர். பஞ்சத்தில் மக்கள் மரப்பட்டையையும் உண்ணும் நிலைக்கு ஆளாயினர். அரசர் முடியைத் துறந்தார். 1874 முதல் 1907 வரை ஆளுநராக இருந்த ஜில்லுஸ் சுல்தான் காலத்தில் சபவி மாளிகைகள் பல இடிக்கப்பட்டன, சினார்கள் வெட்டுண்டன. இருபதாம் நூற்றாண்டில் மோட்டார் வண்டிகள் வீதியை நிறைத்தன. ஆயினும் 1714 அளவில் நிறைவுற்ற நீலக்குவிமாடக் கல்விக்கூடம் இன்றும் வீதியோரம் நிற்கிறது. 2010களின் இறுதியில் வண்டிகள் விலக்கப்பட்டு, வீதியின் ஒரு பகுதி மீண்டும் நடப்போர்க்கு உரியதாயிற்று.

வீதி மீண்டது, ஆறு மீளவில்லை. 'உயிர்தரும் ஆறு' எனப் பெயர்கொண்ட ஜாயந்தே ரூத், மழைக் குறைவாலும், தொழிற்சாலைகளுக்கும் பிற நகரங்களுக்கும் நீர் பகிரப்படுவதாலும், இந்நூற்றாண்டில் ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கிறது. 2021 நவம்பரில் நீர் கேட்டு உழவரும் நகர மக்களும் ஆயிரக்கணக்கில் திரண்டது அந்த வெற்று ஆற்றுப்படுகையில்தான். ஷா அப்பாஸை மலையை நோக்கிப் போகச் செய்த தேவை நானூறு ஆண்டுகளுக்குப் பின்னும் தீரவில்லை.